இதய நோய் ஆராய்ச்சி என்று போனால் பிழைப்பு நடக்குமா? அண்ணன் மகளுக்காகக் கேட்கிறேன்

விகேபுரம்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் அண்ணன் மகள் சென்னையில் எம்டி பொது மருத்துவம் கடைசி வருஷம் படிக்கிறாள். அடுத்து டிஎம் கார்டியாலஜி என்கிற இதய மருத்துவ மேற்படிப்பு, அது முடிந்ததும் பாளையங்கோட்டையில் நல்ல ஆஸ்பத்திரியாகப் பார்த்துச் சேர்ந்துவிடுவாள், ஆஞ்சியோ, ஸ்டென்ட் என்று கை நிறைய வேலை இருக்கும், மாப்பிள்ளையும் டாக்டராகவே பார்த்துவிடலாம் என்று அண்ணனும் மதினியும் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். கோயில் கொடைக்கு வந்தவள் சாப்பிடும்போது போட்டு உடைத்துவிட்டாள். "டிஎம் படிக்கிறேன், ஆனா அதுக்கப்புறம் முழு நேரம் ஆராய்ச்சிதான். நம்ம ஆட்களுக்கு ஏன் இவ்வளவு சின்ன வயசுல மாரடைப்பு வருது, வந்தவங்கள எப்படிப் பிழைக்க வைக்கிறது, இதைத்தான் பார்க்கப் போறேன்" என்கிறாள். சலீம் யூசுஃப் என்று ஒரு டாக்டர் பேரையும் சொன்னாள், அவர் மாதிரி வரணுமாம்.

அண்ணன் ரெண்டு நாளாகச் சரியாகப் பேசவில்லை. எங்கள் தெருவில் ஒருவர் வேறு "அது எலிக்கு ஊசி போடுற வேலைல்லா, அதுக்கா இத்தனை லட்சம் செலவழிச்சுப் படிக்க வச்சீய?" என்று கேட்டுவிட்டார். நான் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன், எனக்கும் ஒன்றும் தெரியாது. இந்த ஆராய்ச்சி டாக்டர்கள் தினமும் என்னதான் செய்வார்கள்? சம்பளம் வருமா? வெளிநாட்டுக்குப் போனால்தான் முடியுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஹைகிரவுண்ட் பழைய மாணவன்:

அண்ணாச்சி, அந்த எலியை முதலில் தள்ளி வையுங்கள். எலியை வைத்துச் செய்கிற ஆராய்ச்சியும் உண்டு, அது வேறு கிளை. உங்கள் பிள்ளை சொல்வது நோயாளிகளை வைத்துச் செய்வது. வார்டில் நாம் வழக்கமாகக் கொடுக்கிற மருந்து நிஜமாகவே ஆளைக் காப்பாற்றுகிறதா, இல்லை காப்பாற்றுகிறது என்று நாமே நம்பிக்கொண்டிருக்கிறோமா என்று ஆயிரக்கணக்கான பேரை வைத்துப் பார்க்கிற வேலை.

நான் திருநெல்வேலி மெடிக்கல் காலேஜில் படித்தவன், இப்போது மாவட்டத்துக்குள்ளேயே பொது மருத்துவராக இருக்கிறேன். ஆராய்ச்சியாளன் இல்லை. ஆனால் நெஞ்சுவலி என்று வருகிறவருக்கு நான் கொடுக்கிற ஒவ்வொரு மாத்திரையும் யாரோ ஒருவர் இந்த வேலையைச் செய்ததால் வந்தது.

சலீம் யூசுஃப் நமக்கு ஒன்றும் தூரத்து ஆள் இல்லை. செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு, புனலூர் வழியாகக் கொல்லம் போகிற ரயிலில் ஏறினால் கொட்டாரக்கரை வரும், அங்கே 1952-ல் பிறந்தவர். பெங்களூர் செயின்ட் ஜான்ஸில் எம்பிபிஎஸ் முடித்துவிட்டு ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டு போனார். அங்கே பீட்டர் ஸ்லைட் என்ற இதய மருத்துவரும் ரிச்சர்ட் பீட்டோ என்ற புள்ளியியல்காரரும் இருந்தார்கள். ஒரு டாக்டரும் ஒரு கணக்குக்காரரும் சேர்ந்து உட்கார்ந்ததுதான் அங்கே நடந்த பெரிய விஷயம் என்று நான் சொல்வேன். மாரடைப்பு மருந்து ஒன்று சாவை ஐந்தில் ஒரு பங்கு குறைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அது நல்ல மருந்துதான், ஆனால் இருநூறு முந்நூறு பேரை வைத்துப் பார்த்தால் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது, தற்செயலில் மறைந்துவிடும். பத்தாயிரக்கணக்கில் பார்த்தால்தான் தெரியும். அவ்வளவு பேரைச் சேர்க்க வேண்டுமென்றால் சோதனை ரொம்பச் சுலபமாக இருக்க வேண்டும், இரவுப் பணியில் இருக்கிற சின்ன டாக்டர்கூட ஒரு தாளில் நிரப்பிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கிற மாதிரி. அந்த யோசனையில் பிறந்ததுதான் ஐசிஸ் என்ற சோதனை வரிசை. முதலாவதில் இதயத் துடிப்பைக் குறைக்கிற அட்டெனலால் மருந்தை 16,000 பேருக்கு மேல் வைத்துப் பார்த்தார்கள்.

அதே கூட்டம் அடுத்துச் செய்த ஐசிஸ்-2, 1988-ல் வெளியானது. 417 ஆஸ்பத்திரி, 17,187 நோயாளிகள். தினமும் 160 மி.கி. ஆஸ்பிரின் ஒரு மாதம், அல்லது ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஸ்ட்ரெப்டோகைனேஸ், அல்லது ரெண்டும், அல்லது ரெண்டுமே இல்லாமல், பார்க்க அதே மாதிரி இருக்கிற, மருந்தில்லாத போலி மருந்து. ஐந்து வாரத்தில் எதுவுமே கிடைக்காதவர்களில் இதய, ரத்தக்குழாய்க் காரணத்தால் இறந்தவர்கள் 13.2 சதவீதம், ரெண்டும் கிடைத்தவர்களில் 8 சதவீதம். தலைவலிக்குப் பெட்டிக்கடையில் வாங்கிப் போட்ட மாத்திரை, அதற்குமுன் மாரடைப்பு வந்தால் உடனே கொடுக்க வேண்டும் என்று யாருக்கும் நிச்சயம் கிடையாது. ஆஸ்பிரின் கண்டுபிடித்துத் தொண்ணூறு வருஷம் ஆகியிருந்தது!

இதில் ஒரு வேடிக்கை. இன்ன வயதுக்காரருக்கு எப்படி, சர்க்கரை உள்ளவருக்கு எப்படி என்று பிரித்துப் பிரித்துப் போடச் சொல்லிக் கட்டுரையை வெளியிடுகிற மருத்துவப் பத்திரிகை கேட்டது. இவர்கள் அதோடு ராசிவாரியாகவும் பிரித்துப் போட்டார்கள். மிதுனத்துக்கும் துலாத்துக்கும் ஆஸ்பிரின் வேலை செய்யவில்லை, மற்ற பத்து ராசிக்கும் பிரமாதம்! கூறுபோட்டுக்கொண்டே போனால் இப்படித்தான் ஏதாவது ஒன்று அகப்படும், அதை நம்பாதே என்று காட்டுவதற்காக வேண்டுமென்றே போட்டது. நம்ம ஊரில் சொன்னால் சிலபேர் நிஜமாகவே துலாம் ராசிக்கு வேறு மாத்திரை கேட்பார்கள், அதனால் நான் வார்டில் இதைச் சொல்வதில்லை.

யூசுஃப் பிறகு அமெரிக்கா, அப்புறம் கனடாவில் ஹாமில்டன். அங்கிருந்து செய்த இன்டர்ஹார்ட் 2004-ல் வந்தது. 52 நாடு, மாரடைப்பு வந்தவர்கள் ஏறக்குறைய 15,000 பேர், வராதவர்கள் ஏறக்குறைய அதே அளவு. புகையிலை, கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை, மன அழுத்தம், காய்கறி பழம் சாப்பிடாதது, உடம்பு அசையாதது, மதுப் பழக்கம் என்று ஒன்பது விஷயங்களை வைத்தே ஆண்களில் 90 சதவீத, பெண்களில் 94 சதவீத ஆபத்தை விளக்கிவிடலாம் என்று வந்தது. தெற்காசியாக்காரர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில், மற்ற நாட்டவருக்குக் கிட்டத்தட்ட 59. உங்கள் பிள்ளை "சின்ன வயசுல" என்று சொன்னாளே, அது இதுதான். பீடியைத் தனியாகவே பார்த்தார்கள், பீடி குடிக்கிறவருக்கு மாரடைப்பு ஆபத்து ஏறத்தாழ மூன்று மடங்கு. சிகரெட்தான் கெடுதல், பீடி வெறும் இலை என்று முக்கூடல் பக்கம் இன்னும் என்னிடம் வாதாடுகிறவர்கள் உண்டு.

கல்லூர் கணக்குப்பிள்ளை:

டாக்டர் நல்லாச் சொன்னார், ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லையே. அண்ணாச்சி கேட்டது சம்பளம். நான் சொல்கிறேன், ஸ்டென்ட் போடுகிற டாக்டருக்கும் ஆராய்ச்சி டாக்டருக்கும் வருமானம் ஏணி வைத்தாலும் எட்டாது. எம்பிபிஎஸ் அஞ்சரை, எம்டி மூணு, டிஎம் மூணு, ஆகப் பன்னிரண்டு வருஷம் கிட்ட, நடுவில் நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிற காலம் தனி. அதுக்கு மேலே ஆராய்ச்சிப் படிப்பு என்றால் நாற்பது வயதுக்குப் பக்கத்தில்தான் சொந்தக் காலில் நிற்க முடியும். கடன் இருக்கிற வீட்டில் இது நடக்காது. வெளிநாட்டில் அரசாங்கம் பணம் கொடுக்கும், இங்கே?

இன்னொன்று, இந்தப் பெரிய சோதனைகள் பலவற்றுக்கும் பணம் மருந்துக் கம்பெனிதான் கொடுக்கிறது. கம்பெனி காசில் கம்பெனி மருந்தைச் சோதித்தால் முடிவு எப்படி வரும்? பிள்ளையிடம் அதையும் கேளுங்கள். நான் பயமுறுத்தவில்லை, கணக்கு என்றால் ரெண்டு பக்கமும் எழுத வேண்டும்.

திசையன்விளை டீச்சர்:

சம்பளம் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பெண் ஆராய்ச்சி செய்வதற்கு விஷயம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

எங்கள் மாமனாருக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் நெஞ்சைப் பிடித்தது, வேர்த்துக் கொட்டியது. பக்கத்து வீட்டு ஆச்சி வாயு என்றார். உப்புப் போட்டு சோடா, அப்புறம் ஓமத் தண்ணி, அப்புறம் மருந்துக் கடையில் கேஸ் மாத்திரை. விடிந்து ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப் போனோம், அங்கே ஈசிஜி எடுக்காமலே இடுப்பில் ஊசி போட்டு அனுப்பினார்கள். மத்தியானம் வலி தோள்பட்டைக்கு இறங்கவும்தான் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். அங்கே நர்ஸம்மா ஈசிஜி எடுத்துவிட்டு டாக்டரிடம் காட்டி, ஒரே நேரத்தில் 14 மாத்திரையை விழுங்க வைத்து, 108-ல் பாளை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். ஆள் பிழைத்துவிட்டார், ஆனால் இதயம் பம்பு செய்கிற சக்தி குறைந்துவிட்டது, பழைய மாதிரி வாழைத் தோட்டத்துக்குப் போய் வரத்து மடை திருப்ப முடியவில்லை. ஸ்டென்ட் போடுகிற டாக்டர் எத்தனை பேர் பாளையில் இருந்து என்ன, நாங்கள் போய்ச் சேர்ந்ததே பதினாறு மணி நேரம் கழித்து. இந்தச் சோடா பாட்டிலைத் தாண்டி ஆளை எப்படி நேரத்துக்குக் கொண்டுபோவது என்று யாராவது ஆராய்ச்சி செய்தால் நான் கும்பிடுவேன்.

ஹைகிரவுண்ட் பழைய மாணவன்:

டீச்சர், அதையும் செய்திருக்கிறார்கள். கிரியேட் என்று இந்தியா முழுக்க 89 ஆஸ்பத்திரிகளில் 20,468 பேரைப் பதிவு செய்து 2008-ல் வெளியிட்டார்கள், அதே செயின்ட் ஜான்ஸ் டாக்டர்கள் முன்னின்று செய்தது. வலி ஆரம்பித்து ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க ஆகிற நேரம், நடுப்புள்ளி கணக்கில் (பாதிப் பேருக்கு இதைவிடக் குறைவு, பாதிப் பேருக்கு அதிகம்), 360 நிமிஷம். ஆறு மணி நேரம்! உள்ளே வந்தபிறகு கட்டியைக் கரைக்கிற ஊசி போட ஆனது 50 நிமிஷம்தான். முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் வசதியானவர்களில் 5.5 சதவீதம், ஏழைகளில் 8.2 சதவீதம். இந்த வித்தியாசத்துக்குக் காரணம் உடம்பு இல்லை, கிடைத்த சிகிச்சை என்பதையும் அதே கட்டுரை காட்டியது.

அந்தத் தாமதத்துக்கு விடையாக நம்ம மாநிலத்திலேயே ஒன்று செய்து பார்த்தார்கள். கேத் லேப் (ஆஞ்சியோ எடுத்து ஸ்டென்ட் போடுகிற அறை) உள்ள பெரிய ஆஸ்பத்திரியைச் சுற்றிச் சின்ன ஆஸ்பத்திரிகளை இணைத்து, சின்ன இடத்திலேயே ஈசிஜி எடுத்துக் கட்டியைக் கரைக்கிற ஊசியைப் போட்டுவிட்டு, அப்புறம் ஆம்புலன்ஸில் பெரிய இடத்துக்கு அனுப்பி ஆஞ்சியோ. கோயம்புத்தூரில் இருக்கிற தாமஸ் அலெக்சாண்டர், சென்னையில் அஜித் முல்லசாரி இவர்கள் முன்னின்று செய்தது. 2,420 நோயாளிகள், 2017-ல் வெளியானது. ஒரு வருஷத்துக்குள் இறப்பவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தது. புது மருந்து ஒன்றுமே இல்லை, இருக்கிறதை ஒழுங்குபடுத்தியதுதான். உங்கள் மாமனாருக்குக் கொடுத்த 14 மாத்திரையும் (ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டோர்வாஸ்டாடின் 8) 2023-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் வந்தது. அதில் அந்த ரெண்டு ஆஸ்பிரின் இருக்கிறதே, அது ஐசிஸ்-2 போட்ட தடம்.

கணக்குப்பிள்ளை அண்ணாச்சிக்கு ஒரு வார்த்தை. ஸ்டென்ட் வேலை என்று நீங்கள் சொல்வதும் வானத்திலிருந்து விழவில்லை. 1977-ல் சூரிச்சில் குருன்ட்சிக் என்ற டாக்டர் முதல் முறை இதய ரத்தக்குழாய்க்குள் பலூனை விட்டு ஊதினார், அந்தப் பலூன்களை அவர் வீட்டு அடுப்படி மேஜையில் வைத்துத்தான் செய்து பழகினார். அதற்கு மூன்று வருஷம் கழித்து 1980-ல்தான், மாரடைப்பு வந்து நான்கு மணி நேரத்துக்குள் ஆஞ்சியோ எடுத்தால் நூற்றுக்கு 87 பேருக்குக் குழாய் முழுதாக அடைத்திருக்கிறது என்று டிவுட் என்பவர் காட்டினார். அதுவரை கட்டியால் மாரடைப்பு வருகிறதா, மாரடைப்பு வந்ததால் கட்டி உண்டாகிறதா என்றே பெரிய டாக்டர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

செங்கோட்டை பாசஞ்சர்:

நான் திருவனந்தபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி ஒருங்கிணைப்பாளராக வேலை பார்க்கிறேன், டாக்டர் இல்லை. தினமும் என்ன செய்வார்கள் என்று கேட்டதால் எழுதுகிறேன், ஏனென்றால் பேப்பரில் வருவது கடைசி வரிதான்.

காலையில் ஐசியு போய் நேற்று ராத்திரி வந்தவர்களில் யார் சோதனைக்குப் பொருந்துவார்கள் என்று பார்ப்போம். அப்புறம் ஒப்புதல். தமிழில் படிவம் இருக்கும், ஆனால் படித்துக் காட்டினால் மட்டும் போதாது, உட்கார்ந்து பேசணும். நெஞ்சுவலியோடு படுத்திருக்கிறவரிடம் "உங்களுக்கு இந்த மருந்து வருமா அந்த மருந்து வருமா என்பது குலுக்கல் முறையில்தான், எங்களுக்கே தெரியாது" என்று சொல்வது சாதாரணம் இல்லை. நம்ம பக்கத்துப் பெரியவர் ஒருவர், "அப்போ என்னைய வச்சு சோதனை பண்ணுதீயளோ?" என்று நேராகவே கேட்டார். ஆமா ஐயா, அதுதான், வேண்டாம் என்றால் வேண்டாம், வைத்தியத்தில் ஒரு குறையும் வராது என்று டாக்டரும் நானும் சொன்னோம். யோசித்துவிட்டு மகனைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டார். சிலர் போட மாட்டார்கள், அது அவர்கள் உரிமை.

அதற்கு அப்புறம்தான் பெரும்பாடு. ஒரு மாதம், ஆறு மாதம், ஒரு வருஷம் என்று ஆள் எப்படி இருக்கிறார் என்று விடாமல் கேட்க வேண்டும். சிம் மாற்றிவிடுவார்கள், வேலைக்குத் திருப்பூர் போய்விடுவார்கள், எஸ்டேட்டில் இருந்தால் சிக்னல் கிடைக்காது. ஒருவர் விடுபட்டாலும் கணக்கில் ஓட்டை. பெரிய ஆராய்ச்சி டாக்டரின் நேரத்தில் பாதி இந்த ஓட்டைகளை அடைப்பதில்தான் போகும், மீதி நெறிமுறைக் குழுவுக்குப் பதில் எழுதுவது, பணத்துக்கு விண்ணப்பம் எழுதுவது, புள்ளியியல்காரரோடு மல்லுக்கட்டுவது. நடுவில் ஓபியும் பார்ப்பார். அந்தப் பெண்ணுக்கு இது தெரியுமா என்று கேளுங்கள், தெரிந்தும் ஆசைப்பட்டால் தேறிவிடுவாள்.

கம்பெனி காசு பற்றிக் கேட்டார்கள். சந்தேகம் நியாயம்தான். அதனால்தான் சோதனை தொடங்கும் முன்பே எதை அளக்கப் போகிறோம் என்று பொதுப் பதிவேட்டில் எழுதிவிட வேண்டும், இந்தியாவில் 2009-லிருந்து அது கட்டாயம், பின்னால் கோல்போஸ்டை நகர்த்தினால் ஊருக்கே தெரியும். மருந்துக்குப் பாதகமாக முடிவு வந்ததும் உண்டு. மாரடைப்புக்கு அப்புறம் இதயத்தில் தப்புத் துடிப்பு வந்தால் சாவு அதிகம் என்று தெரிந்து, துடிப்பை அடக்குகிற என்கைனைட், ஃப்ளெகைனைட் மருந்துகளை அமெரிக்காவில் டாக்டர்கள் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். துடிப்பு அடங்கியது, ஈசிஜி அழகாக இருந்தது. காஸ்ட் என்ற சோதனை அரசாங்கக் காசில் நடந்தது, மருந்து வாங்கிய 755 பேரில் 63 பேர் செத்தார்கள், போலி மருந்து வாங்கிய 743 பேரில் 26 பேர்தான். 1989-லேயே பாதியில் நிறுத்தினார்கள். எங்கள் டாக்டர் புதிதாகச் சேருகிற எல்லாரிடமும் இதைத்தான் முதலில் சொல்வார்.

விகேபுரம்காரன்:

ரொம்ப நன்றி எல்லாருக்கும். டாக்டர் சார் எழுதியதை அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். கொட்டாரக்கரை என்றதும் "நம்ம ஜவுளிக் கடைச் சம்பந்தி ஊருல்லா" என்றார், அதுவே பெரிய முன்னேற்றம். மதினிக்கு டீச்சர் எழுதியதுதான் மனசில் பட்டிருக்கிறது, அவர்கள் அப்பாவும் இப்படித்தான் வாயு என்று நேரத்தைக் கடத்திப் போனவர்.

இப்போது அண்ணன் கேட்பது ரெண்டே கேள்வி. டிஎம் படிக்காமலே நேராக ஆராய்ச்சிக்குப் போனால் சீக்கிரம் முடியுமா? ஊரை விட்டுப் போகாமல் ஏதாவது வழி உண்டா?

ஹைகிரவுண்ட் பழைய மாணவன்:

டிஎம் படிக்கட்டும். எம்டியோடு பொதுச் சுகாதாரப் படிப்பு படித்து நல்ல ஆராய்ச்சி செய்கிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் மாரடைப்புச் சிகிச்சையில் சோதனை நடத்த வேண்டுமென்றால் கேத் லேபில் ராத்திரி ரெண்டு மணிக்கு நின்றவர் சொன்னால்தான் மற்ற இதய டாக்டர்கள் காது கொடுப்பார்கள். கணக்குப்பிள்ளை கவலைக்கும் அதுவே மருந்து, கையில் டிஎம் இருந்தால் வாரத்தில் பாதி நாள் நோயாளி, பாதி நாள் ஆராய்ச்சி என்று ஓட்டலாம், பட்டினி கிடையாது. ஸ்டென்ட் மட்டும் போடுகிறவர் சம்பாதிக்கிற அளவு வராது, அதை அண்ணனிடம் மறைக்காதீர்கள்.

எங்கே படிப்பது என்றால், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் நிறுவனத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். டிஎம்மும் உண்டு, அதே வளாகத்தில் அச்சுத மேனன் மையத்தில் பொதுச் சுகாதார மேற்படிப்பும் உண்டு, இந்தியாவிலேயே செய்த செயற்கை இதய வால்வு அங்கே உருவாகி 1990-ல் முதல் நோயாளிக்கு வைத்தது. நம்ம ஊரிலிருந்து காலையில் போய் ராத்திரிக்குள் திரும்பிவிடலாம், மதினிக்கு அது போதும். சென்னையிலேயே இருக்க வேண்டுமென்றால் அயப்பாக்கத்தில் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம். வெளிநாடு போனால் நல்லதுதான், பெரிய சோதனை எப்படி நடத்துவது என்று பக்கத்தில் இருந்து பார்க்கலாம், ஆனால் கட்டாயம் இல்லை.

இப்போதைக்கு அவள் கையில் இருப்பது எம்டி ஆய்வேடு. முக்கால்வாசிப் பேர் அதைச் சீனியருடையதைப் பார்த்து ஒப்பேற்றுவார்கள். இவள் ஒழுங்காகச் செய்தாளா, என்ன தலைப்பு?

விகேபுரம்காரன்:

போன் பண்ணிக் கேட்டேன் சார். "மாரடைப்பு வந்தவர்கள் ஆஸ்பத்திரிக்கு வரத் தாமதமாவதற்கான காரணங்கள்" என்கிறாள். காரணப் பட்டியலில் சோடா இருக்கிறதா என்று டீச்சருக்காகக் கேட்டேன், "கேஸ்னு நினைச்சது"தான் முதல் இடமாம், சோடா, கஷாயம் எல்லாம் அதுக்குள்ளே அடக்கமாம்.

திசையன்விளை டீச்சர்:

அண்ணாச்சி, அந்தப் பிள்ளை நம்பரை எனக்குத் தனியாக அனுப்புங்க. எங்கள் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டத்துக்கு வந்து அரை மணி நேரம் பேச முடியுமா என்று கேட்கணும். பஸ் காசும் மத்தியானச் சாப்பாடும் எங்கள் பொறுப்பு.